காசநோய்க் கிருமியின் பங்காளிகள்

காசநோய்க் கிருமிக்குப் பங்காளிகள் உண்டு. அதே இனக் கிருமிகள்; மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றாதவை. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வின்போதே இவை அங்கே பரவலாகத் தென்பட்டன.

இவையும் நுரையீரலைத் தாக்கி இருமலைத் தரலாம். ஆனால் திருப்பூரில் நாள்பட்ட இருமல் என்றால் முதல் பழி பஞ்சுத்தூசி மேல்தான். சளியில் கிருமி தெரிந்தாலோ, உடனே காசநோய் என்ற முடிவு. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமியும் பங்காளியும் ஒன்றுபோலத்தான் தெரியும், லேபிள் தைக்காத பனியன் மாதிரி. காசநோயா இல்லையா என்று சிபிநாட் சோதனை சொல்லும். எந்தப் பங்காளி என்பதைச் சளி வளர்ப்புச் சோதனை சொல்லும். ஒருமுறை வளர்ந்தால் போதாது, தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம். வேறு வேறு நாள் சளியில் இருமுறை வளர வேண்டும். சிடி ஸ்கேனும் ஒத்துப்போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்த்துத் தரப்படும். சளியில் கிருமி மறைந்த பிறகும் ஓராண்டு தொடர வேண்டும். காசநோய்க்கான ஆறு மாத மாத்திரை இதற்குப் போதாது.