கடலுக்கு உரம் போடுவது யார்?

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கோலசிலாங்கூருக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தோம். புக்கிட் மெலாவத்தியில் ஏறிக் கடலைப் பார்த்தோம். பிறகு பாசிர் பெனம்பாங்கில், படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறக்குவதைப் பார்த்தோம். அப்போது ஒரு மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், செம்பனைக்கு எங்க அப்பா உரம் போடுறாரு. அதனால காய்க்குது. இந்தக் கடலுக்கு யாரு உரம் போடுறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். நாளை என்றது பல வாரங்கள் ஆயிற்று. தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், கடலில் பயிர் எது? கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள்தாம். இவற்றைப் பிளாங்டன் என்பார்கள். அவற்றில் செடி இனமும் உண்டு, அவற்றைத் தின்னும் சிறு பிராணி இனமும் உண்டு. டயாட்டம் என்பது செடி இனம். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் பல பத்து டயாட்டங்களை வரிசையாக நிறுத்தலாம். வெயிலும் உரமும் சரியாகக் கிடைத்தால் ஒரே நாளில் ஒன்று இரண்டாகும். மாணவர்களே, கணக்குப் போடுங்கள்: பத்து நாளில் ஒன்று 1,024 ஆகிவிடும்!

வெயில் மேலே இருக்கிறது. ஆனால் உரம் அடியில் கிடக்கிறது. செத்த உயிர்களும் கழிவும் கீழே இறங்கி மக்கி, சத்தெல்லாம் ஆழத்தில் தங்கிவிடும். மைலோவைக் கலக்காமல் வைத்தால் என்ன ஆகும்? மேலே தெளிந்து, சத்து அடியில் தங்கிவிடும் அல்லவா? அதைக் கலக்கிவிட ஒரு கரண்டி வேண்டும். கடலுக்கு அந்தக் கரண்டி காற்று.

நம் மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. சுமத்திரா அதற்கு மறைப்பாக நிற்கிறது. சிலாங்கூர் ஆறும் பெர்ணம் ஆறும் அலையாத்திக் காடுகளும்தான் நம் கரைக்குச் சத்தைக் கொண்டுவருகின்றன. காற்று உரம் போடும் வேலையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், கன்னியாகுமரி தொடங்கிக் கேரளம் வரை நீளும் கரைக்குப் போக வேண்டும். நம் தோட்டங்களில் வாழ்ந்த மலையாளி நண்பர்களின் முன்னோர் பிறந்த கரை அது.

அங்கே வைகாசி கடைசியிலும் ஆனியிலும் தென்மேற்குப் பருவம் தொடங்குகிறது. கடல் கொந்தளிக்கும். காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கித் தள்ளும். பூமி சுழல்வதால், தள்ளப்பட்ட மேல்நீர் வலப்புறம் திரும்பிக் கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். இதற்கு மேலெழு நீரோட்டம் என்று பெயர். குமரி முனைப் பக்கம் முதலில் தொடங்கி, படிப்படியாக வடக்கே பரவி, புரட்டாசி வரை நடக்கும். அடியில் கிடந்த உரமெல்லாம் வெயிலுக்கு வந்துவிடும்!

உடனே டயாட்டங்கள் பெருகும். நீரின் நிறமே மாறும். சில வாரம் கழித்து அவற்றைத் தின்னும் சிறு பிராணிகள் பெருகும். அந்தச் சமயம் பார்த்துத்தான் மத்தி மீன் முட்டையிடுகிறது. குஞ்சுகளுக்குப் பந்தி தயார். மழை ஓய்ந்தபின் கொழுத்த மத்தி கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வரும். ஏழை வீட்டுச் சட்டியில் மீன் வாசம் வரும்.

ஐப்பசிக்குப் பிறகு காற்று மாறும். மேலெழு நீரோட்டம் நின்றுபோகும். டயாட்டங்கள் குறையும். மாசி முதல் சித்திரை வரை வெயில் கொளுத்தும், கடல் தெளிந்திருக்கும், சத்து குறைவாக இருக்கும். அப்போது வேறொரு மிதவை தலைகாட்டும். மரத்தூள் தூவியதுபோல் நீரில் படரும் அதன் பெயர் டிரைக்கோடெஸ்மியம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தானே உரமாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. புதுச் செடிக்காட்டில் மண்ணை மூடிப் படரவிடுகிறோமே பயறுக்கொடி, அது செய்யும் அதே வேலை! ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதத்தில் பால் குறைவதை அறிந்த நமக்கு, கடலுக்கும் காலம் உண்டு என்பது புரியாததல்ல.

பெரியவர்களே, இதில் நம் வயிற்றுப்பாடும் இருக்கிறது. 2012-இல் கேரளக் கரையில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் 4 ஆயிரம் டன்கூடக் கிடைக்கவில்லை. எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்! கடல் சூடானது ஒரு காரணம், குஞ்சு மீன்களை வாரியது இன்னொரு காரணம் என்று, 1947-இல் தொடங்கி இன்று கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்துச் சொன்னார்கள். 2023-இல் வரவு மீண்டும் 1 லட்சம் டன்னைத் தாண்டியது.

காற்றை நம்மால் நிறுத்தவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. ஆனால் பொறுத்திருக்க முடியும். கேரளத்தில் 1988 முதல் பருவமழைக் காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. இப்போது அது 52 நாள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதும் குற்றம். கரையில் நிற்பவனுக்கு அது வருமானமில்லாத, அலையடிக்கும் காலம். கடலுக்கோ அதுதான் உரம் போடும் காலம்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் படிப்பும் இப்படித்தான். சில பிள்ளைகளிடம் இன்று கையில் பிடிக்க ஒன்றும் தெரியாது. "இதுக்குப் படிப்பு வராது, வேலைக்கு அனுப்பிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். குஞ்சு மீனை வாரினால் அடுத்த ஆண்டு வலை காலியாகத்தான் வரும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியின் பெயர் இன்றைய பரிசுப் பட்டியலில் இல்லை. பரீட்சையில் அவள் நடுத்தரம்தான். ஆனால் பயிற்சிக் கல்லூரியில் நான் படிக்காத பாடத்தை என்னைப் படிக்கவைத்தவள் அவள். பரிசு பெறும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். பரிசு பெறாத பிள்ளைகளே, கேள்வி கேட்பதை விட்டுவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், டீச்சர் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்வேன்.