பழைய கதைக்குப் புதுக் கோஷ்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் கம்ப்யூட்டர் துறை மாணவர்கள் வந்து, "சார், பழைய வீடியோ விளையாட்டுத் தொடர் ஒன்றைப் புதுக் கம்பெனி எடுத்துச் செய்யும்போது ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேச வேண்டும்" என்றார்கள். ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செயலாளர் விடவில்லை. "அண்ணாச்சி, அம்பது வருஷமா காமிக்ஸ் சேக்குற ஆளு நீங்கதான். உங்களைவிட்டா ரசிகனைப் பத்தி வேற யாரு பேசுவா?" என்றார். அது பாராட்டா கேலியா என்று இன்னும் விளங்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரமேற்று ஆடுகிற விளையாட்டு என்று ஒரு வகை இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கதை ஓடும். அதற்குள் நீங்களே ஒரு ஆளாக இறங்கிவிட வேண்டும். யாரோடு சேருவது, யாரை நம்புவது, யாருக்குப் பொய் சொல்லுவது எல்லாம் உங்கள் இஷ்டம். நீங்கள் எடுத்த முடிவுக்குத் தக்கபடி கதை திரும்பும். ஒரு விளையாட்டு முடிய ஐம்பது மணி, நூறு மணி நேரம்கூட ஆகுமாம். அவ்வளவு நேரம் ஒருத்தன் ஒரு உலகத்தில் குடியிருந்துவிட்டால், பிறகு யாராவது வந்து அந்த வீட்டுச் சுவரை இடித்தால் சும்மா இருப்பானா?

இதை நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரில் இல்லை. எங்கள் கீழப்பாவூர்ப் பக்கத்தில், ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில். 1978 என்று ஞாபகம். எப்போதும் வருகிற வில்லுப்பாட்டுக் கோஷ்டியின் பெரிய அண்ணாவிக்கு உடம்புக்கு முடியவில்லை. புதுக் கோஷ்டியைக் கூட்டி வந்தார்கள். இளவட்டங்கள். நல்ல குரல், உடுக்கையும் குடமும் அடிக்கிற அடியில் ஊரே அதிர்ந்தது. நடுவில் ரெண்டு சினிமா மெட்டுகூட வந்தது. எங்களுக்கு ஏக சந்தோஷம்.

ஆனால் ஒரு இடம் உண்டு. கயிலாயத்தில் பிறந்த பிள்ளை ராத்திரியில் தொட்டிலைவிட்டு இறங்கி மயானத்தைத் தேடிப் போகிற இடம். அந்த இடத்தில் பாட்டு மெதுவாக ஏறி ஏறிப் போகும், அப்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். புதுக் கோஷ்டி அதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. சாமியாடி குளித்து, கச்சை கட்டி நின்றது நின்றபடி நிற்கிறார். அருள் வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்தார். "ஏய் அண்ணாவி, புள்ள இன்னும் தொட்டிலைவிட்டே இறங்கலையே, அதுக்குள்ள நீ எங்கடே போயிட்ட?" என்றார்.

அந்த இளம் அண்ணாவியை இன்றைக்கும் மெச்சுகிறேன். கோபப்படவில்லை. வில்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தொட்டிலில் இருந்து திரும்பத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் பாடினார். சாமி வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, சினிமா மெட்டு போட்டதற்கு அந்தத் தாத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது மெட்டு, புது வேஷ்டி, புதுக் குரல் எதுவும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சாமி வருகிற இடத்தைத் தாண்டிப் போனதுதான் ஆட்சேபம்.

எந்தப் பழைய கதைக்கும் இப்படி ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் புதிதாக வருகிறவருக்கு முதல் வேலை. ரசிகனைக் கேட்டால் தெரியும் என்றால், அதுவும் அத்தனை சுலபம் இல்லை. என் கதையையே சொல்கிறேன்.

சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கினார்கள். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. ஆராய்ச்சிக்கூட விபத்தில் மின்சாரம் பாய்ந்து, ஆள் மறைந்து, இரும்புக் கை மட்டும் வெளியே தெரிகிற அந்தக் கதையைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பிள்ளைகள் பிளக்கில் விரல் வைக்கப் போய் அடி வாங்கியது உண்டு. அவர் சொந்த ஊர் இங்கிலாந்து. 1962-இல் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர், பெயர் லூயிஸ் கிராண்டெல், படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது தலை நரைத்துவிட்டது. பிரான்சில் 'புளூபெர்ரி' என்று இருந்த குதிரைவீரர் நமக்குக் 'கேப்டன் டைகர்'. ஆக, நாம் "அசல், அசல்" என்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததே இன்னொரு கை மாற்றிக் கொடுத்ததுதான்! சிவகாசிக்காரர்கள் பெயரை மாற்றினார்கள், பேச்சை மாற்றினார்கள், சாமி வருகிற இடத்தை மட்டும் மாற்றவில்லை.

1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. நடுவில் சில வருஷம் புத்தகங்கள் வருவது மிகவும் குறைந்து, ஒருவழியாய் முடிந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்தில், 2012-இல் பளபளக்கும் தாளில், வண்ணத்தில், நூறு ரூபாய் விலையில் திரும்ப வந்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன இருந்தாலும் அந்தச் சாணித்தாள் வாசனை இல்லையே" என்று முணுமுணுத்தேன். பாவூர்சத்திரத்தில் பஸ் இறங்கி, கடையில் தொங்குகிற புத்தகத்தைக் கிளிப்பில் இருந்து உருவி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்தப் பதின்மூன்று வயசை எந்தப் பதிப்பாளர் அச்சடித்துத் தர முடியும்? ரசிகன் கேட்பதில் பாதி இந்த மாதிரி. அதைக் காது கொடுத்துக் கேட்கலாம், அதன்படி நடக்கக் கூடாது.

மறு பாதியைத்தான் மதிக்க வேண்டும். அதற்கு நம் 'இரத்தப் படலம்' போதும். கரையில் ஒதுங்கிய ஒரு மனிதன், பழசெல்லாம் மறந்தவன், உடம்பில் பதின்மூன்று என்று ரோமன் எழுத்தில் பச்சை குத்தியிருக்கிறது. 1984-இல் எழுத்தாளர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் பெல்ஜியத்தில் தொடங்கியது. தமிழில் துண்டு துண்டாக வந்து, அடுத்த பாகம் எப்போது என்று வருஷக்கணக்கில் நம்மைக் காக்க வைத்தது. 2010-இல் பதினெட்டுப் பாகங்களை ஒரே தலையணைப் புத்தகமாக லயன் போட்டபோது, பாத்ரூமில்கூட அதை விடவில்லை என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். மூலத் தொடர் 2007-இல் முடிந்தது. பிறகு 2011-இல் ஈவ் சாந்த் என்ற எழுத்தாளரும் யூரி ஜிகுனோவ் என்ற ஓவியரும் அதை மறுபடி திறந்தார்கள். முடிந்த கணக்கை ஏன் திறக்கிறார்கள் என்பது என் கட்சி. படித்துப் பார்த்தேன், கைநேர்த்தி குறைச்சல் இல்லை. ஆனாலும் யார் இவன் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட பிறகு அந்தத் தவிப்பு வரவில்லை. இந்தச் சபையில் எனக்கு எதிர்க்கட்சி உண்டு என்றும் தெரியும்.

இதே கதையை 2003-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்தது. தடித்த கறுப்புக் கோடு, சுட்டால் திரையில் எழுத்தாகவே சத்தம், நடுவில் சித்திரக் கட்டங்கள். அதாவது காமிக்ஸ் புத்தகத்துக்குள்ளேயே நடந்து போகிற மாதிரி. பதினேழு வருஷம் கழித்து, 2020 நவம்பரில், பிளேமேஜிக் என்ற வேறொரு நிறுவனம் செய்த புது வடிவம் வெளிவந்தது. சித்திரக்கதைத் தோற்றம் மங்கிப் போய், சத்தம் சரியில்லாமல், எதிரிகள் மந்தமாய் நிற்க, வாங்கினவர்கள் கொதித்துவிட்டார்கள். வெளியிட்டவர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு விடவில்லை, வேலையை டவர் ஃபைவ் என்ற இன்னொரு கோஷ்டியிடம் கொடுத்து, 2022-இல் திருத்தின வடிவத்தை ஏற்கனவே வாங்கினவர்களுக்கு இலவசமாகத் தந்தார்கள். எங்கள் ஊர்த் தாத்தா எழுந்து நின்ற மாதிரிதான். தொட்டிலில் இருந்து திரும்பப் பாட வைத்துவிட்டார்கள்.

இது சுடுகிற விளையாட்டு. மாணவர்கள் கேட்ட பாத்திர விளையாட்டுக்கு ரெண்டு உதாரணத்தை என் அக்கா மகன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். 'ஃபால்அவுட்' 1997-இல் வந்தது. அணுகுண்டுப் போருக்குப் பிந்திய உலகம். மேலே இருந்து பார்த்து, சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. பத்து வருஷம் கழித்து உரிமையை பெதெஸ்டா வாங்கி, 2008-இல் மூன்றாம் பாகத்தைக் கதாநாயகன் கண் வழியாகப் பார்க்கிற மாதிரி செய்தது. பழைய ஆட்கள் இது நம்முடையது இல்லை என்றார்கள். புதிதாய் வந்தவர்களோ இதுதான் ஃபால்அவுட் என்றார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். பழைய நிறுவனத்தில் இருந்து பிரிந்தவர்கள் தொடங்கின அப்சிடியன், 2010-இல் அதே புதுச் சட்டத்துக்குள் பழைய மாதிரிப் பேச்சையும் விளைவையும் கொண்டுவந்தபோதுதான் ரெண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது என்கிறான்.

'பால்டர்ஸ் கேட்' கதை இன்னும் சுவாரஸ்யம். பயோவேர் செய்த ரெண்டாம் பாகம் 2000-இல். மூன்றாம் பாகம் 2023-இல், பெல்ஜியத்து கெண்ட் நகரில் இருக்கும் லாரியன் கையில். சண்டை ஓடுகிற முறையையே மாற்றிவிட்டார்கள். முன்பு எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், இதில் ஆளுக்கு ஆள் முறை. எதிர்ப்பு இல்லாமலா? ஆனால் முழுசும் முடியும் முன்பே, 2020 அக்டோபரில், முதல் பகுதியை விலைக்குக் கொடுத்து, மூன்று வருஷம் ஆடினவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். கூட்டாளிகளோடு பேசுவது, பகடை விழுவது, எடுத்த முடிவு பின்னால் வந்து கழுத்தைப் பிடிப்பது, அங்கே கை வைக்கவில்லை.

இனி மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. என் அக்கா மகனும் இந்தக் கல்லூரிதான். வெளியூரில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காகப் பழைய விளையாட்டு ஒன்றைப் புதுப்பிக்கிற வேலை வந்தது. அவன் சின்ன வயசில் தென்காசி பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடின அதே விளையாட்டு. கதாநாயகன் குதித்துத் தரையில் விழுகிற விதம் சரியில்லை, பழைய கனம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். "இது பிழையா? எந்த வகையில் போடுவது?" என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. தேதி நெருங்கிவிட்டது. அப்படியே வெளியே போனது. முதல் நாளே நூற்றுக்கணக்கான பேர் அதையேதான் எழுதினார்கள், கூடவே செய்தவர்களின் தாய் தகப்பனையும் சேர்த்து. அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினான். "மாமா, அவங்க சொன்னது சரிதான். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா திட்டு வாங்குனது நாங்கல்லா?"

அவனுக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. சாணித்தாள் வாசனை இல்லையே என்று முகம் தெரியாத அச்சகத் தொழிலாளியைத் திட்டினவன் நான். இந்த அரங்கில் இருக்கும் உங்களில் சிலர் நாளைக்கு யாரோ ஒருவரின் பதின்மூன்று வயசின் மேல் கை வைக்கிற வேலையில் இருப்பீர்கள். கட்டம் இல்லை என்றாலும் எழுதிக் கொடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை எழுதுங்கள். வாங்கி ஆடுகிற பக்கம் இருக்கும்போது, தாத்தா கேட்ட மாதிரி கேளுங்கள். அவர் அண்ணாவியின் குடும்பத்தை இழுக்கவில்லை, தொட்டில் எங்கே என்றுதான் கேட்டார்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். 1982-இல் விடுதி இருபத்திரண்டாம் எண் அறையில் என்னிடம் 'இரும்புக்கை மாயாவி' முதல் பதிப்பை வாங்கிப் போனவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சிரிக்க வேண்டாம். மறுபதிப்பு வந்துவிட்டது, நல்ல தாள், நல்ல அச்சு, ரெண்டு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை அவருக்கே தருகிறேன். எனக்கு அட்டை கிழிந்த அந்தப் புத்தகம்தான் வேண்டும்.