ஃபேட்டி லிவருக்குக் கீழாநெல்லி குடிக்கலாமா?

இந்த வாரம் ஒரு செடியைப் பத்திப் பேசலாம். எங்க ஊர் சாக்கோட்டையில ஒரு மழை பெஞ்சா போதும், வரப்பு, கண்மாய்க்கரை, வீட்டுக் கொல்லைன்னு எல்லா இடத்துலயும் தானா முளைச்சு நிக்கும். கீழாநெல்லி. இலைக்கு அடியில குட்டிக் குட்டி நெல்லிக்காய் மாதிரி வரிசையா காய் இருக்கும், அதனால அந்தப் பேரு.

போன மாசம் அப்பாவுக்கு ஸ்கேன்ல 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'னு வந்துச்சு. எட்டு வருஷமா சுகரும் இருக்கு. மறுநாள் காலையிலேயே அத்தை கீழாநெல்லியை வேரோட பிடுங்கி அரைச்சு, மோர்ல கலக்கி, வெறும் வயித்துல குடுத்துட்டாங்க. கூடவே, "இதைக் குடிக்கிறப்ப இங்கிலீஷ் மாத்திரை சேராது"ன்னு சுகர் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. நான் பயந்தது இந்த ரெண்டாவது விஷயத்துக்குத்தான். டாக்டர்கிட்ட போன்ல பேச வெச்சு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வைக்க மூணு நாள் ஆச்சு.

அத்தை மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க நம்பிக்கைக்குக் காரணம் இருக்கு. ஊர்ல மஞ்சள்காமாலை வந்தவங்களுக்குக் கீழாநெல்லி குடுத்திருக்காங்க, அவங்க எழுந்து நடந்ததைக் கண்ணால பார்த்திருக்காங்க. ஆனா கெட்ட தண்ணி, சாப்பாடு மூலமா பரவுற ஹெபடைடிஸ் ஏ மாதிரியான காமாலை, பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே சரியாயிடும். நம்ம ஆபீஸ்ல சில டிக்கெட் தானா க்ளோஸ் ஆகும், கடைசியா கை வெச்சவனுக்குப் பேரு கிடைக்கும் இல்லையா, அந்தக் கதைதான்.

"அப்போ ஆராய்ச்சியே நடக்கலையா"ன்னு கேப்பீங்க. நடந்திருக்கு, அதுவும் நம்ம சென்னையில. 1988-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட எஸ்.பி. தியாகராஜன் குழு, 'லான்செட்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் வாங்கின பரூக் ப்ளம்பெர்க் அதுல ஒரு ஆசிரியர். உடம்புல அந்த வைரஸ் தங்கிப்போனவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி குடுத்ததுல, 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்தக் கிருமியோட அடையாளம் காணாமப் போச்சு. வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போச்சு. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா தாய்லாந்து, நியூசிலாந்துன்னு மத்த இடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ அந்த ரிசல்ட் வரலை.

இன்னொண்ணையும் கவனிங்க. இது எல்லாமே வைரஸ் பத்தின பேச்சு. ஃபேட்டி லிவர் வைரஸே இல்லை. மூணு வேளை சோறு, சாயங்காலம் வெள்ளைப் பணியாரம், இனிப்புக் காபி, நாள் முழுக்க நாற்காலின்னு மிச்சமாகுற சக்தியைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி வெச்சுக்குது. ரெண்டு நோயும் ஒரே உறுப்புல வருதுங்கிறதால ஒரே மருந்துன்னு நினைச்சுட்டோம். பழைய வைத்தியத்துல மருந்தோட பத்தியமும் உண்டு, ஞாபகம் இருக்கா? எண்ணெய் கூடாது, குடி கூடாது. நாம மருந்தை மட்டும் எடுத்துக்கிட்டு பத்தியத்தை விட்டுட்டோம். ஃபேட்டி லிவரைப் பொறுத்தவரை மருந்தே அந்தப் பத்தியம்தான்னு எனக்குத் தோணுது.

"மூலிகைதானே, கெடுதல் என்ன"ன்னு நினைக்கிறவங்களுக்குச் சீந்தில் கொடி கதை. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு நாடு முழுக்கக் குடிச்சாங்க. 2021-ல மும்பை டாக்டர்கள், அதைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிச்சதுன்னு எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கலை, எந்தச் செடின்னே சரியா பரிசோதிக்கலைன்னு சொன்னாங்க. நியாயமான கேள்விதான். அடுத்து இந்தியாவுல 13 மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பார்த்தாங்க, மருந்து மாதிரிகளையும் சோதிச்சு சீந்தில்தான்னு உறுதி பண்ணாங்க. அதுல அதிகம் பேர், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்து, இதைச் சாப்பிட்டு மோசமானவங்க. கல்லீரல் ஏற்கெனவே பாதிச்சவங்கதான் இந்தக் கஷாயத்தைத் தேடிப் போறாங்கங்கிறதுதான் என் கவலை.

இது அப்பாக்களோட நோய் மட்டும் இல்லை. 2025-ல ஹைதராபாத்ல 345 ஐடி ஊழியர்களைப் பரிசோதிச்ச ஆய்வு வந்துச்சு. 84 சதவீதம் பேருக்குக் கல்லீரல்ல கொழுப்பு. ஹெட்ஃபோன்ல இதைக் கேக்குற உங்களைத்தான் சொல்றேன்.

என்ன பண்ணலாம்? உடம்பு எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 7-ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சா வீக்கமும் அடங்கும். 80 கிலோ இருக்கிறவருக்கு ஆறு, எட்டு கிலோ. ஒரே மாசத்துல பட்டினி கிடந்து இல்லை, மெதுவா.

ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்கிற கிரேடு, எவ்வளவு கொழுப்புன்னுதான் சொல்லும். தழும்பு விழுந்திருக்கான்னு சொல்லாது, ஆனா ஆபத்து தழும்புலதான் இருக்கு. அதுக்கு 'ஃபிப்-4'னு ஒரு கணக்கு இருக்கு. வயசு, ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட், இந்த நாலு நம்பர் போதும். எல்லாம் சாதாரண ரத்த டெஸ்ட்ல வர்றதுதான். 65 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு 1.3-க்குக் கீழ வந்தா இப்போதைக்குப் பெரிய பயம் இல்லை. மேல வந்தா ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. போறப்ப வீட்டுல குடிக்கிற கஷாயம், பொடி, கேப்ஸ்யூல் எல்லாத்தையும் டப்பாவோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. திட்டுவாரோன்னு மறைக்காதீங்க.

அடுத்த வாரம் தூக்கம் பத்திப் பேசலாம். வர்றேன்.