மணலில் எழுதியவர்



கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக் கோயிலுக்கு அருகே என் இல்லம் உள்ளது. சிறுவர் இல்லங்களைக் காணப் பத்து நாள் பயணமாக வந்த அயல்நாட்டுத் திருச்சபையார் சிலர், அண்மையில் என் திண்ணையில் இளைப்பாறினர். “குழந்தைகளின் மனத்தை அறிய எத்தனை நாள் வேண்டும்?” என்று அவர்களுள் ஓர் அம்மையார் வினவினார்.

சீகன்பால்குவின் வரலாற்றைச் சொன்னேன். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 சூலை 9-இல் அந்த ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. போதிக்க வந்தவருக்கு இங்குள்ளோர் பேச்சே விளங்கவில்லை. ஆகவே தமிழாசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிற்கே வரவழைத்து, அவர்கள் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். மறு ஆண்டே பெண் குழந்தைகளுக்கும் பள்ளி கண்டார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சேறி முடிந்தது. 1719-இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார். நெடுங்காலம் தலைமையாசிரியனாய் இருந்த நான், ஒருநாளும் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்தேனல்லேன்!

அம்மையார் மறுமொழி கூறவில்லை. முற்றத்து மணலில் விளையாடிய என் பேத்தியிடம் சென்றமர்ந்து, ஓர் எழுத்துக் கற்பிக்குமாறு சைகை காட்டினார். அவள் ‘ழ’ எழுதினாள். அம்மையார் மும்முறை பிழையாய் எழுதினார்; பேத்தி கைகொட்டி நகைத்தாள். வண்டியோட்டி இருமுறை வந்து அழைத்துவிட்டுப் போனார்.