அலைகளைக் காட்டும் மடிக்கணினி

(கோவை, கணபதியில் கூடிய ஊராட்சிப் பிரதிநிதிகள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குடிநீரையும் சாலையையும் பற்றிப் பேச வேண்டிய அலுவலர் மடிக்கணினியைப் பற்றியும் வானொலி அலைகளைப் பற்றியும் பேசுவானேன் என்று கேட்கலாம். குடிநீரைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். இக்காலத்தில் நம்முடைய தண்ணீர் குழாயில் மட்டும் வருவதில்லை. தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்ற செய்தி அலைகளின் வழியாகவும் வருகிறது. அந்தச் செய்தி தடைப்பட்டால், மேல்நிலைத் தொட்டி ஒரு பக்கம் நிரம்பி வழிய, கடைசித் தெருவிலுள்ள தாய்மார்கள் காலிக் குடத்துடன் காத்திருக்க நேரிடும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டத்தில், ஆறு நீரேற்று நிலையங்களின் மூலம் பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. இத்தனை நீர்நிலைகளையும் அன்றாடம் ஆள் வைத்துப் பார்த்துவர இயலுமா? ஆகவேதான் சூரிய ஒளியில் இயங்கும் கருவிகள் குளக்கரைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தபடி கைபேசியால் கிணற்று மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் கொங்கு நாட்டில் இன்று புதுமையன்று. இவை யாவும் அலைகளை நம்பி வாழும் கருவிகள்.

இக்கருவிகளில் ஒன்று பேசாமற் போனால் நாம் என்ன செய்கிறோம்? விற்ற கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர்களுடைய ஆளுக்காகக் காத்திருக்கிறோம். அவர் வரும் வரையில் பயிர் காத்திருக்குமா? பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையாவது நாமே கண்டுபிடித்துக்கொள்ள வழியுண்டா? உண்டு. அதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும், சில ஆயிரம் ரூபாய் பெறுமான ஒரு சிறு சாதனமும் போதும்.

அந்தச் சாதனத்தின் வரலாறு சுவையானது. ஐரோப்பிய நாடுகளில் கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று, தைவான் நாட்டு ரியல்டெக் கம்பெனியின் சில்லைக் கொண்டு விரலளவுக் கருவிகள் செய்யப்பட்டன. தொலைக்காட்சிப் படத்தை மட்டுமன்றி, வானில் வரும் அலையை அப்படியே எண்களாக மாற்றியும் அது கணினிக்குத் தர வல்லது என்பதை 2012-இல் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். அன்று முதல் பாமரனும் வாங்கக்கூடிய விலையில் அலை ஆய்வுக் கருவி கிடைக்கலாயிற்று. 'ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர்.' என்பது அதன் பெயர். பெரும்பாலும் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள அலைகளை அது வாங்கும். போலிச் சரக்குகளும் சந்தையில் உலவுவதால், அறிந்தவர்களைக் கலந்துகொண்டு வாங்குதல் நலம்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் மாணவர் பலருக்கு மடிக்கணினிகள் கிடைத்தன. அவற்றுள் எத்தனையோ இன்று பரணில் உறங்குகின்றன. அவற்றிற் பழையனவும் அலையைப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உதவக்கூடும். நிரல் எழுதி ஆராய வேண்டுமாயின் 8 ஜி.பி. நினைவகம் இருப்பது நல்லது. பழைய சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால், கிழட்டு எருதுக்கு இளமை திரும்பியதுபோல் கணினி விரைவு பெறும்.

சேமிப்பு இடம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். அக்கருவி விநாடிக்கு 24 லட்சம் முறை அலையை அளக்கிறது என்று கொள்வோம். ஒவ்வோர் அளவைக்கும் இரண்டு பைட்டு வீதம் விநாடிக்கு 4.8 எம்.பி. சேரும். ஒரு நிமிஷத்திற்கு 288 எம்.பி.; ஒரு மணி நேரத்திற்கு 17 ஜி.பி.க்கு மேல். எனவே நாள் முழுதும் பதிவு செய்து குவிப்பது வீண். வேண்டிய நேரத்தில் வேண்டிய சில நிமிஷங்களை மட்டும் பதிவு செய்வதே சிக்கனம்.

கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். உபுண்டு, டெபியன் ஆகிய இரண்டில் எதுவும் பொருந்தும், இரண்டும் இலவசம். கருவியைச் செருகியவுடன் லினக்ஸ் அதைத் தொலைக்காட்சிக் கருவி என்றே எண்ணித் தன்வசம் பிடித்துக்கொள்வதுண்டு. புதியவர்கள் பலர் இவ்விடத்தில்தான் மனந்தளர்ந்து போகிறார்கள். அந்தத் தொலைக்காட்சி டிரைவரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால் தடை நீங்கும். அதன்பின் அலையைத் திரையில் காட்டும் ஜி.க்யூ.ஆர்.எக்ஸ். என்ற நிரலையும், 2001-இல் தோன்றிய குனு ரேடியோவையும், பைத்தான் மொழியையும், எழுதிய நிரலின் ஒவ்வொரு திருத்தத்தையும் காத்துவைக்கும் கிட் என்ற சாதனத்தையும் நிறுவிக்கொள்ள வேண்டும். இவற்றுள் எதற்கும் கட்டணமில்லை.

ஆன்டெனாவின் நீளத்திற்கும் கணக்கு எளிது. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் கால் பங்கு ஆன்டெனாவின் நீளம். கோவை வானொலியின் ரெயின்போ பண்பலை ஒலிபரப்பாகும் 103 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 73 சென்டிமீட்டர். உணர்கருவிகள் பேசும் 866 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதலில் பண்பலையைக் கேட்டுப் பார்த்து, கருவி சரியாக வேலை செய்கிறதென்று உறுதி செய்துகொள்ளுங்கள். மடிக்கணினியின் சார்ஜரே பெரும் இரைச்சலைக் கிளப்பும். ஆகையால் அளக்கும்போது பாட்டரியில் ஓட்டுவதும், நீண்ட கேபிளில் கருவியைக் கணினியைவிட்டுத் தள்ளி வைப்பதும் அவசியம்.

இப்போது தொட்டிக்கு வருவோம். கால் மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தைச் சொல்லவேண்டிய கருவி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியைத் தொட்டியின் அடியில் கொண்டுபோய்ப் பாருங்கள். உரிய நேரத்தில் திரையில் கோடு தோன்றவில்லையாயின், கருவியிலோ அதன் பாட்டரியிலோ பழுது. தொட்டியடியில் தோன்றி, ஊராட்சி அலுவலகத்தில் தோன்றவில்லையாயின், ஆன்டெனாவில் குறை. அல்லது இடையில் எழுந்த கட்டடமோ மழையில் நனைந்த தென்னந்தோப்போ அலையை விழுங்குகிறது. அலுவலகத்திலும் கோடு வருகிறது, ஆனால் அகன்ற இரைச்சலில் மூழ்கியிருக்கிறது என்றால், வேறேதோ ஒரு கருவி கெடுக்கிறது. கோடு தெளிவாக வந்தும் கணக்கு வரவில்லையானால், பழுது வாங்கும் கருவியிலோ இணையத்திலோ இருக்கிறது. இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரப்போகும் மெக்கானிக்கிடம் எதை எடுத்து வரவேண்டும் என்று சொல்லியனுப்பலாம்.

நிரல் எழுதக் கற்ற இளைஞர் இதைவிட மேலும் செய்யலாம். கால் மணிக்கு ஒன்று எனில் நாளொன்றுக்கு 96 செய்திகள் வரவேண்டும். வந்தவற்றை எண்ணி ஏட்டில் எழுதும் சிறு நிரல் ஒன்றை ஐ.டி.ஐ. மாணவரே எழுதிவிடலாம். 96 வந்த இடத்தில் 60 வந்தால், கருவி முற்றிலும் நிற்பதற்கு முன்பே நமக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். செய்தி வந்ததா என்பதை மட்டுமே கணினி சொல்லும். அச்செய்தி உண்மையா என்பதைச் சொல்லாது. மாதம் ஒரு முறையேனும் ஆளை ஏற்றித் தொட்டியின் நீரை அளந்து, கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கணினி வாங்க இயலாத விவசாயிக்கும் ஒரு வழி சொல்கிறேன். உரிய முறையில் அமைத்த சூரியசக்தி மின்வேலியில் எங்கேனும் கசிவு ஏற்பட்டால், சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து வேலியோரம் நடந்து பாருங்கள். கசிவுள்ள இடத்தை நெருங்க நெருங்க 'டிக், டிக்' என்ற ஓசை வலுக்கும். மின்வாரியக் கம்பியை நேரே வேலியில் இணைப்பதோ சட்டப்படி குற்றம். அது மனிதரையும் யானையையும் கொல்வது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொது ஒலிபரப்பையும் நம்முடைய சொந்தக் கருவிகளின் அலையையும் கேட்பது வேறு; காவல் துறையினரின் உரையாடலையோ பிறர் செய்தியையோ ஒட்டுக்கேட்பது வேறு. பின்னது குற்றம். குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கென 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸின்றி விடப்பட்டிருக்கிறது. அதிலும் விதித்த வரம்புக்குள் நிற்க வேண்டும். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்று கடைகளில் விற்கும் பூஸ்டரை அனுமதியின்றி மாட்டுவதும் சட்டவிரோதம். ஒருவர் வீட்டுச் சௌகரியத்திற்காக மாட்டிய பூஸ்டர், ஊரார் அனைவரின் அழைப்பையும், கூடவே அவர்களுடைய மோட்டார் ஸ்டார்ட்டரையும் கெடுத்துவிடக்கூடும். வாய்க்காலை நடுவில் அடைப்பவரை ஊர் எப்படிக் கேட்குமோ, அப்படியே இதையும் கேட்க வேண்டும்.

இளைஞர்கள் பழைய குறிப்புகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க நோவா வானிலைக் கோள்களின் மேகப் படத்தைப் பெறலாம் என்று அவை கூறும். அக்கோள்களின் பணி 2025 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது.

இவையெல்லாம் நம்மால் ஆகுமா என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 1981-இல் மாநகராட்சியோடு சேருமுன் கணபதி ஓர் ஊராட்சியே. வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த இவ்வூரில் மோட்டாரையும் பம்பையும் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள் எத்தனை பேர்! கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே அறிவித்தார். பழுதானதைத் திறந்து பார்க்கும் துணிவு நம் மண்ணில் புதிதன்று.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் பரணில் கிடக்கும் மடிக்கணினிகளைக் கணக்கெடுங்கள். ஊர் நூலகத்தில் ஒரு மேசை ஒதுக்குங்கள். ஆர்வமுள்ள இருவரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி, தேர்ந்தெடுங்கள். கருவியின் செலவையும், அது யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் கிராம சபையில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். முதல் வேலையாக, உங்கள் தொட்டியிலிருந்து ஒரு நாளில் எத்தனை செய்திகள் வருகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கடைசித் தெருவுக்கும் தவறாமல் தண்ணீர் போய்ச் சேர அந்த ஓர் எண்ணிக்கை துணை நிற்கும்.