சாக மறுக்கும் செல்

(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்து, பிரிக்பீல்ட்ஸில் மின்சாமான் வியாபாரம் செய்பவன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

வயரில் பழுது என்றால் வீட்டில் டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். ஒரு லைன் அணையும், வீடு தப்பும். நம் செல்லுக்குள்ளும் பி53 என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது. செல் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போனால், அதைச் சாகச் செய்து உடம்பைக் காப்பாற்றும்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் ஈ6 என்ற புரதம் பி53-ஐ அழிக்கிறது. ஈ7 செல்லைப் பெருக வைக்கிறது. சுவிட்சைக் கழற்றிவிட்டுக் கரண்டைக் கூட்டுவது போன்ற வேலை. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது.

தொற்றிய பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் வைரஸ் தானே நீங்கிவிடும். தங்கிவிட்டால்தான் ஆபத்து. அதுவும் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். வியாபாரக் கணக்கில் சொன்னால், இது நமக்குக் கிடைத்த தவணை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், வினிகர் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையும் உடனடிச் சிகிச்சையும் இந்நோய் மரணங்களை 35 விழுக்காடு குறைத்தன. நம் நாட்டில் 2010-இல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரோஸ் திட்டத்தில், பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். கூச்சப்பட வேண்டியதில்லை, முடிவு கைப்பேசிக்கு வரும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால், அது புற்றுநோய் என்று பொருளல்ல. அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்காதீர்கள். பல ஆண்டுகள் ஓசையில்லாமல் தங்கும் வைரஸ் இது, நம்மிடமிருந்தே போயிருக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

கோலாலம்பூரோ கிள்ளானோ, வீட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்களை நாமே அழைத்துப் போவோம். அன்று ஒரு காலைப்பொழுது கடை தாமதமாகத் திறக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.