மறக்கச் சொன்ன மொழி



இரண்டாம் உலகப்போர் பாடத்தில் தேதிகளையும் தலைவர்களின் பெயர்களையும் சொல்லிவிட்டு நேரே ஹிரோஷிமாவுக்குப் போய்விடுகிறோம். அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த ஒரு சண்டையைப் பற்றிப் பேசுகிறேன். மொழிப்பாட ஆசிரியர்களும் கேட்க வேண்டியது இது.

மரைன் படை என்பது கப்பலில் சென்று, கரையில் இறங்கிப் போரிடும் படை. 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க மரைன்கள் இவோ ஜிமா என்ற சின்னஞ்சிறு ஜப்பானியத் தீவில் இறங்கினார்கள். 36 நாள் சண்டை. அங்கே மலை உச்சியில் கொடி நடும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் இல்லாத ஆறு பேரைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் நவாஹோ பழங்குடியினர். முதல் இரண்டு நாளில் 800-க்கும் மேற்பட்ட செய்திகளை வானொலிக் கருவியில் அனுப்பி, பெற்றார்கள். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

அந்தச் சங்கேதத்தை 1942-இல் மரைன் படையில் சேர்ந்த 29 நவாஹோ இளைஞர்கள் தங்கள் தாய்மொழியிலிருந்து உருவாக்கினார்கள். பீரங்கி வண்டிக்கு ஆமை. கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு. நீர்மூழ்கிக் கப்பலுக்கு இரும்பு மீன். போர் விமானத்துக்கு ரீங்காரச் சிட்டு. வீட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் புழங்கிய சொற்கள்! சிறைப்பட்ட ஒரு நவாஹோ வீரரை ஜப்பானியர் சித்திரவதை செய்து கேட்டபோதும், சங்கேதப் பயிற்சி பெறாத அவருக்குத் தன் தாய்மொழிச் சொற்கள் கேட்டனவே தவிர, பொருள் விளங்கவில்லை.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். அந்த 29 பேரில் ஒருவர் செஸ்டர் நெஸ். 'செஸ்டர்' என்பது வீட்டில் வைத்த பெயரன்று. அரசு விடுதிப் பள்ளி வைத்தது. அங்கே நவாஹோ பேசியதற்காக அவர் வாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்தவர்கள் கொடியவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்றே நினைத்திருப்பார்கள். நம் வகுப்பிலும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை உண்டு. அதன் பேச்சைக் கேட்டு நாம் சிரிப்பதும் உண்டு.

போர் முடிந்ததும் அவர்களிடம், "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார்கள். 1968 வரை அது ராணுவ ரகசியம். நியூ மெக்சிகோ மாநில நவாஹோக்களுக்கு 1948 வரை வாக்குரிமைகூட இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2001-இல் வந்தபோது, 29 பேரில் 5 பேரே உயிரோடு இருந்தார்கள். நெஸ் அவர்களில் ஒருவர்.